எண்பத்தெட்டாவது கிலோமீட்டரில் நடப்பவன்

மற்ற கணவன்மார்களுக்குப் பொறாமைப்பட ஒரு முழு ஆள் கிடைக்கிறான். மனைவியோடு காலேஜில் படித்தவன், ஆபீஸ் சிநேகிதன், ஜிம்மில் டம்பெல் தூக்கிக் கொடுப்பவன் என்று யாராவது ஒருவன். எனக்குக் கிடைத்தது ஒரு ஜோடி கால் மட்டும்தான். முகம் தெரியாது. குரல் வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில் ஐந்து நிமிடம் கேட்கும். அந்தக் கால்களைப் பார்த்து என் வயிறு எரிந்ததை இப்போது எழுதுகையில் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எரிந்தது.

டெக்ஸஸில் இர்விங் ஊரில், லாஸ் கொலினாஸ் பகுதியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அங்கே உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்காவில் நூற்று நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் எண்ணெய்க் குழாயைக் காவல் காப்பதுதான் வேலை. நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கம்பெனி என்னை வெளியே அனுப்பிய பிறகும் அந்தக் கையெழுத்து செல்லுமாம். அங்கே அரசாங்கத்தோடு சண்டை போடும் கூட்டங்கள் இருந்தன. துப்பாக்கியோடு வந்து மண்ணைத் தோண்டுவார்கள், குழாயைத் துளைத்து எண்ணெய் எடுப்பார்கள், இல்லையென்றால் வெடி வைப்பார்கள். வெடித்தால் குழாய் மட்டும் போகாது, பக்கத்துக் கிராமமும் சேர்ந்து எரியும். அதனால் குழாயோடு கூடவே மண்ணுக்குள் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் போட்டிருந்தார்கள். மேலே ஆள் நடந்தால், மாடு ஓடினால், கடப்பாரை இறங்கினால் அந்த அதிர்வு கேபிளில் ஏறி, சில நொடிகளில் இர்விங்கில் எங்கள் திரைக்கு வந்துவிடும்.

திரையில் இடமிருந்து வலமாகக் கிலோமீட்டர் ஓடும். மேலிருந்து கீழாக நேரம் இறங்கும். ஒரு மனிதன் நடந்தால் சாய்வாகப் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை விழும், எறும்பு ஊர்வதுபோல. அந்தப் புள்ளிகள் மனிதனா மாடா என்று பிரித்துச் சொல்லும் மென்பொருளை எழுதியவன் நான். வேலுமணி, ஊர் கோபிச்செட்டிபாளையம். அந்தத் திரையைப் பார்த்து அபாயம் என்றால் அலாரம் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி சாரதா.

அந்த மேசையில் அவளை உட்காரவைத்ததே நான்தான். எட்டு வருடம், வேலைக்குப் போக விடாத டிபென்டென்ட் விசாவில் பிளானோ வீட்டில் அடைந்து கிடந்தாள். கரூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், இங்கே மகள் தென்றலை ஸ்கூலில் விட்டுக் கூட்டிவந்து, இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் எப்போது வரும் என்று கேட்டு நாளை ஓட்டினாள். கிரீன் கார்டு வந்தவுடன் மேனேஜர் வெங்கடகிருஷ்ணனிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். திரையைப் படிக்க ஒரு மாதம் நானே கற்றுக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் என் மென்பொருள் மாடு என்று சொன்னதை அவள் ஆள் என்றாள், அது ஆளாகவே இருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதைதான் என்னுடையது. அப்போது அது எனக்குத் தெரியாது. என் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று வெங்கட்டிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

குழாயைக் காக்க அங்கே இருபத்தாறு காவலர்கள் இருந்தார்கள். இரண்டிரண்டு பேராக நடப்பார்கள். எண்பதிலிருந்து தொண்ணூறாவது கிலோமீட்டர் வரை நடந்த ஜோடியின் தலைவன் பெயர் சண்டே. முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது நான் சிரித்தேன்.

"ஞாயித்துக்கிழமை பொறந்தா அங்க அப்படி வைப்பாங்களாமுங்க. உங்க பேரு மட்டும் என்ன வாழுது, வேலும் மணியும்" என்றாள் சாரதா.

அன்றைக்கே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவனுக்காக என் பெயரைக் கிண்டல் செய்தாள் அல்லவா?

சண்டேக்கு வலது கால் கொஞ்சம் அழுத்தி விழும். ஒரு புள்ளி அடர்த்தி, அடுத்த புள்ளி மெலிவு, மறுபடி அடர்த்தி. நூறு பேர் நடந்தாலும் அவனைக் கண்டுபிடித்துவிடலாம் என்பாள். எண்பத்தெட்டாவது கிலோமீட்டரில் தினமும் நாலு நிமிடம் நிற்பான். அங்கே ஓர் அம்மாள் சோளம் சுட்டு விற்கிறாள், வாங்கித் தின்றுவிட்டுப் போவான் என்று ஒரு திங்கட்கிழமை ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பாதுகாப்புக்காக மற்ற நாட்களில் காவலர்கள் ஃபோனைத் தொடக் கூடாது, சிக்னலைப் பிடித்து எதிரிகள் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை மட்டும் முகாமிலிருந்து சண்டே பேசுவான். "குட் ஆஃப்டர்நூன், இர்விங்" என்பான். இங்கே காலை எட்டரை, அங்கே மதியம் இரண்டரை. அவனுடைய மதியத்தை இவள் தன் காலையில் வாங்கிக்கொள்வாள்.

பிறகு டோல்வேயில் வீட்டுக்குத் திரும்பும் நாற்பது நிமிடமும் சண்டே புராணம்தான். இன்றைக்குச் சோளம் தின்னவில்லை, அவசரமாக நடந்தார். இன்றைக்கு மழை போலிருக்கிறது, காலை இழுத்து இழுத்து வைத்தார். நேற்றைவிட நடையில் ஒரு குஷி, ஊரிலிருந்து கடிதம் வந்திருக்குமோ என்னவோ. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் ம் கொட்டுவேன். ஒருநாள் பொறுக்காமல், இன்றைக்கு எனக்கு மீட்டிங் இழுத்துவிட்டது, நான் மதியம் சாப்பிடவே இல்லை, அது தெரியுமா என்று கேட்டேன். அப்படியா, டிபன் பாக்ஸில் இருக்கிற தயிர்சாதத்தை ராத்திரி தாளித்துத் தருகிறேன் என்றாள். அவ்வளவுதான். ஒரே மாடியில் அறுபதடி தள்ளி உட்கார்ந்திருக்கும் புருஷன் பட்டினி கிடந்தது தெரியவில்லை. கடல் தாண்டி ஒருவன் சோளம் தின்னாதது தெரிந்திருக்கிறது.

நான் நடந்தால் எந்தக் கால் அழுத்தி விழும் என்று கேட்க வாய் வரை வந்தது. தெரியாது என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டேன்.

வீட்டில் தென்றலும் ஆரம்பித்தாள். ஒன்பது வயது. ஒருநாள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வலது காலை அழுத்தி வைத்து நடந்து காட்டினாள். இது யாரு, கண்ணு என்றேன். "Amma's Sunday" என்றாள். சாரதா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சாரதா மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததா? இல்லை. அப்படி ஒன்றும் நடக்காது, நடக்கவும் முடியாது என்று எனக்குத் தெரியும். பொறாமைக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. அவள் கவனம் ஒரு சொத்து. பன்னிரண்டு வருடமாக அது எனக்கே எனக்கு என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எவனோ ஒருவன் தினமும் பத்து கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தான்.

மார்ச் மாதம் வெங்கட் என்னைக் கூப்பிட்டார். காவலர்களின் சொந்தக் காலடிக்கே நாளுக்கு அறுபது அலாரம் அடிக்கிறது, எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள், ஏதாவது செய் என்றார். நான் ஒரு 'தெரிந்தவர் பட்டியல்' செய்தேன். இருபத்தாறு பேரின் நடையையும் மென்பொருளுக்குப் பழக்கினேன். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, அலாரம் அடிக்காது, ஆனால் புள்ளி வரிசை சாம்பல் நிறத்தில் திரையில் தெரியும். மற்றொன்று, திரையில் எதுவுமே தெரியாது. இரண்டாவது, ஆட்டு மந்தைக்கும் எழுபதாவது கிலோமீட்டரில் இருந்த மாவு மில்லுக்கும் வைத்தது. காவலர் எல்லோருக்கும் சாம்பல் நிறம் என்றுதான் முடிவு, வெங்கட்டும் அதைத்தான் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை காலை பட்டியலை ஏற்றினேன். இருபத்தைந்து பேருக்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன். இருபத்தாறாவது பெயரில் என் விரல் நின்றது. சண்டேயை ஆடுகளோடு சேர்த்தேன்.

ஒரு வாரம், ஒரே வாரம் அவள் அவனைப் பார்க்காமல் இருக்கட்டும், பிறகு ஏதோ தவறு என்று சொல்லி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஜோடியில் இன்னொருவன் தெரிவான், அதனால் காவலுக்கு ஒன்றும் குறை வராது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். படித்தவன் அயோக்கியத்தனம் செய்தால் அதற்கும் ஒரு நியாயம் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வான்.

வியாழக்கிழமை காரில் சாரதா கேட்டாள். எண்பதிலிருந்து தொண்ணூறு வரை ஒரே ஆள்தான் நடக்கிறான், சண்டேயைக் காணோமே, உங்கள் பட்டியலில் ஏதாவது கோளாறா என்று. நான் கண்ணாடியைப் பார்த்து லேன் மாற்றினேன்.

"லீவு போட்டிருப்பாருன்னு நினைக்கறேன். அவங்களுக்கும் குடும்பம் குட்டி இருக்கும்ல" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அன்று வீடு போய்ச் சேரும்வரை சண்டே பேச்சே இல்லை. தென்றலின் ஸ்பெல்லிங் டெஸ்ட், என் அப்பாவின் சர்க்கரை, கோடை லீவுக்கு எங்கே போகலாம் என்று ஒரு குடும்பம் பேசுகிற பேச்செல்லாம் பேசினோம். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணி வாக்கில் சாரதாவின் மேசையில் அலாரம் அடித்தது. அங்கே இரவு ஏழு, இருட்டத் தொடங்கும் நேரம். ஆற்றுப் பக்கமிருந்து ஆறு பேர் வருகிறார்கள், எண்பத்தெட்டுக்குப் பக்கத்தில் தோண்டுகிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள்போல அவள் ஒரே நிமிடத்தில் முகாமுக்குத் தகவல் கொடுத்தாள். முகாமிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பின. அதற்குள் திரையில் குறுக்குவாட்டில் பளிச் பளிச்சென்று கோடுகள் விழுந்தன. துப்பாக்கி சுட்டால் அப்படித்தான் விழும். சாம்பல் நிறப் புள்ளி வரிசை ஒன்று வேகவேகமாக வால்வு நிலையத்தை நோக்கி ஓடியது. வண்டிச் சத்தம் கேட்டதும் அந்த ஆறு பேரும் தோண்டியதைப் பாதியில் விட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார்கள். குழாய் தப்பித்தது. ஆறாவது மாடியில் எல்லோரும் மூச்சு விட்டோம். வெங்கட் சாரதாவின் தோளைத் தட்டினார்.

அப்போது முகாமிலிருந்து அழைப்பு வந்தது. இனி ஃபோனில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஓடிவந்தவன் ஒருவன்தான், இன்னொருவனைக் காணோம், இருட்டில் தேட முடியவில்லை, புதரில் அவர்கள் யாராவது பதுங்கியிருந்தால் எங்களையும் சுடுவார்கள், அவன் எங்கே இருக்கிறான் என்று உங்கள் திரையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். யார் அந்த இன்னொருவன் என்று சாரதா கேட்டாள். சண்டே என்றார்கள்.

"அவரு லீவுல இருக்காரே" என்று அவள் தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். லீவா, யார் சொன்னது, மதியத்திலிருந்து நடந்துகொண்டுதானே இருந்தான் என்றது ஃபோன்.

அவள் திரையைப் பார்த்தாள். எண்பத்தெட்டில் ஒன்றுமே இல்லை. பிறகு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவரு ஏன் தெரியல? உங்க லிஸ்ட்டுல கொஞ்சம் பாருங்க" என்றாள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு ஓடினேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். சண்டே பெயருக்கு எதிரே ஒரு க்ளிக், அவ்வளவுதான் வேலை. மூன்று நொடி. ஆனால் பட்டியலில் எதை மாற்றினாலும் அது எல்லோருடைய திரையிலும் ஒரு வரியாக வரும்: யார் மாற்றியது, என்னவாக இருந்ததை என்னவாக மாற்றியது. அந்த விதியை எழுதியதும் நான்தான். மாற்றினால், 'சண்டே: காட்டாதே என்பதிலிருந்து காட்டு, வேலுமணி' என்று சாரதாவின் கண் முன்னால் வந்து நிற்கும். இருபத்தைந்து பேருக்கு ஒன்று, இவனுக்கு மட்டும் வேறு என்று அவளுக்கு ஒரு கணத்தில் புரிந்துவிடும்.

அந்த வரி வராமல் மாற்ற வழி தேடினேன். பின்பக்கமாக டேட்டாபேஸில் நுழைந்து பார்த்தேன், அனுமதி இல்லை என்றது. பழைய அட்மின் கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது, பாஸ்வேர்ட் ஞாபகம் வரவில்லை. மூன்று தடவை போட்டேன், பூட்டிக்கொண்டது. பட்டியல் முழுவதையும் புதன்கிழமைக்கு முந்தைய நிலைக்குத் தூக்கிப் போடலாமா என்று பார்த்தேன், அதற்கும் ஒரு வரி வரும். பத்து வருடத்துக்கு முன் இந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தது நானேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட நான் அன்று அதற்குள் முட்டி முட்டி வழி தேடினேன்.  அறுபதடி தள்ளி சாரதா முகாமிடம், இதோ ஒரு நிமிடம், இதோ ஒரு நிமிடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது.

கடைசியில் க்ளிக் செய்தேன்.

மென்பொருள் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாகத் திரையில் கொட்டியது. வலது கால் அழுத்திய புள்ளி வரிசை மதியத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது, சோளக்காரியிடம் நாலு நிமிடம் நின்றிருந்தது, சுட்ட இடத்தில் அறுந்தது. அதற்குக் கீழே நடை இல்லை. தேய்த்துக்கொண்டே போனதுபோல ஒரு கறை, நாற்பது மீட்டருக்கு. அது நின்ற இடத்தில் பொட்டுப் பொட்டாக, ஒரே இடத்தில், விட்டு விட்டு நெடுக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு காவலனின் வரிசையோடு ஒட்டிய எந்த அதிர்வையும் அவன் கணக்கிலேயே சேர்த்து மறைக்கும்படி நான் எழுதியிருந்தேன்.

"தட்டறாரு. கையால தரையைத் தட்டறாரு" என்றாள் சாரதா. ஃபோனில் இடத்தைச் சொன்னாள். எண்பத்தெட்டுக்கு மேல் நானூற்றுப் பத்து மீட்டர், குழாயின் தென்பக்கம். அவள் குரல் நடுங்கவே இல்லை.

தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தான். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று சாரதாவுக்குத் தெரியும், அவள் என்னிடம் சொல்லவில்லை.

ஆபீஸில் என்ன நடந்தது தெரியுமா? வெங்கட் எல்லோரையும் கூட்டிவைத்து, வேலுமணி சமயோசிதமாக மறைப்பை நீக்கியதால்தான் ஓர் உயிர் பிழைத்தது என்றார். திரையில் வந்த அந்த ஒரு வரியை அவரும்தான் பார்த்தார். பட்டியல் ஏற்றும்போது நேர்ந்த கைத்தவறு, நல்லவேளை வேலு கண்டுபிடித்தான் என்று அவரே ஒரு விளக்கம் கட்டிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சாரதாவும் தட்டினாள், இரண்டு தடவை.

அன்று கார் டோல்வே ஏறியதும் அவள் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு பதினாறுக்கு உங்ககிட்ட கேட்டேன். ஒண்ணு இருபத்தேழுக்கு மாத்துனீங்க. நடுவுல பதினோரு நிமிஷம் என்னங்க பண்ணுனீங்க?" என்றாள்.

பொய் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. ரோட்டோர ஷோல்டரில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சோளம், தயிர்சாதம், ஆடுகள், பாஸ்வேர்ட் எல்லாம். அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"அவரு நடக்கறதப் பார்க்க எனக்குப் புடிச்சுதான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "வெங்கட்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா சண்டேகிட்ட சொல்லணும். உங்க வாயால சொல்லணும். அதுவரைக்கும் என்கூடப் பேச வேண்டாமுங்க" என்று முடித்துவிட்டாள்.

சொன்னபடியே செய்தாள். ஆறு வாரம். தென்றலை யார் கூட்டிவருவது, பால் இருக்கிறதா, காருக்குக் கேஸ் போட வேண்டுமா, இதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. லிவர்மோர் கோயிலுக்கு அக்கா வீட்டோடு போகிறேன் என்று கலிஃபோர்னியாவுக்கு ஒரு வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள். திரும்பி வருவாளா என்று நான் ஏர்போர்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். வந்தாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். மூன்று தடவை சண்டேக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். ஊமைச் சண்டையில் தோற்பவன் எப்போதும் குற்றவாளிதான்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சாரதா என் இடத்துக்கு வந்து, கையில் இருந்த ஹெட்செட்டில் ஒன்றை என் மேசையில் வைத்தாள். இன்னொன்றை அவள் மாட்டிக்கொண்டாள். சண்டே முகாமுக்குத் திரும்பியிருந்தான், உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

அவன் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன். குட் ஆஃப்டர்நூன், இர்விங் என்றான். என்னைக் கண்டுபிடித்தவர் தன் கணவர்தான் என்று மேடம் சொன்னார்கள், கடவுள் உங்களை வாழவைக்கட்டும் சார் என்றான். சாரதாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, சொல்லுங்க என்பதைத் தவிர.

சொன்னேன். உங்களை மறைத்தது நான். தவறுதலாக இல்லை, வேண்டுமென்றே. தேடச் சொன்ன பிறகும், மாட்டிக்கொள்ளாமல் திறக்க வழி பார்த்துப் பதினோரு நிமிடம் உங்களை அங்கேயே போட்டு வைத்தேன்.

 

"மேடத்தாலயா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

 பிறகு அவன் மெதுவாகப் பேசினான். என்னைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை.

"மேடம் முகத்தை நான் பார்த்ததே இல்லை சார். ஆனா எங்கேயோ ஒருத்தங்க பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சு நடக்கிறது வேற. அன்னைக்கு நான் கத்தலை. கத்தினா சுட்டவங்க திரும்பி வந்துருப்பாங்க. தரையைத் தட்டினேன். மேடம் இருக்காங்க, கேட்டுடும்னு தெரியும். ரொம்ப நேரம் தட்டினேன் சார். ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் வரலை."

சாரதா ஹெட்செட்டைக் கழற்றாமலே முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை அழாதவள், காரில் அழாதவள், ஆறு வாரம் அழாதவள் இப்போது தோள் குலுங்க அழுதாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். என்னைத் தள்ளவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. எத்தனையோ வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அவள் எனக்காக இப்படி அழும்படி நான் ஒருநாளும் அவளை நம்பியதில்லை என்று அங்கே நின்றபோது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் இருந்தவன் கால் போனவன், அதைப் போக்கியவன் நான். அப்போதும் அவன் மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.